மணிக்கணக்கில் வாடகை, மனக்கணக்கில் ஸ்கோர்!
உள்ளரங்க இரட்டையர் டென்னிஸ் லீக் ஆடுவோருக்குப் பயனுள்ள குறிப்புகள்

பனிக்காலம் வந்துவிட்டால் டொராண்டோ, மினியாபொலிஸ், டெட்ராய்ட் பக்கமெல்லாம் டென்னிஸ் கூரைக்குள் போய்விடுகிறது. காற்றடைத்த கூடாரத்திலோ பெரிய கொட்டகையிலோ கோர்ட்டை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, நாலு பேராகச் சேர்ந்து இரட்டையர் லீக் ஆடுகிறோம். அங்கே "இப்ப ஸ்கோர் என்ன?" என்று நின்று பேசுகிற ஒவ்வொரு நிமிடமும் நம் கைக்காசு. ஆட்டம் உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். ஸ்கோர் விதிகளைக் கொஞ்சம் சாமர்த்தியமாக அமைத்துக்கொண்டால் நேரமும் மிச்சம், பணமும் மிச்சம், நட்புக்கும் பங்கம் வராது. இதோ சில குறிப்புகள்.

1. சீசன் தொடங்கும் முன்பே விதிகளை ஒரே பக்கத்தில் எழுதி, குழுவில் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அட்வான்டேஜ் உண்டா இல்லையா, டை-பிரேக் எத்தனை பாயின்ட், நேரம் முடிந்தால் என்ன கணக்கு, ஆள் வராவிட்டால் என்ன கணக்கு என்ற நாலுக்கும் பதில் இருந்தால் போதும். ஆட்டத்தின் நடுவே முடிவெடுக்கப் போனால் ஜெயிப்பவருக்கு ஒரு நியாயம், தோற்பவருக்கு ஒரு நியாயம் என்றுதான் பேச்சு போகும்.

2. வார்ம்-அப்பை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். வாலி, லாப், நாலைந்து சர்வ் எல்லாம் அதற்குள் அடங்கும். கைகால் உதறி உடம்பைச் சூடாக்குவதைக் கோர்ட்டுக்கு வெளியிலேயே செய்துகொள்ளலாம். அதற்கு வாடகை கிடையாது.

3. டியூஸ் வந்தால் இழுத்துக்கொண்டே போகாமல், ஒரே பாயின்டில் கேமை முடிக்கும் 'நோ-ஆட்' முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாயின்டுக்கு வலப்பக்கமா இடப்பக்கமா எங்கே சர்வை வாங்குவது என்று முடிவு செய்யும் உரிமை எதிரணிக்கு உண்டு. ஆனால், அதற்காக வாங்குகிறவர்கள் இருவரும் இடம் மாறி நிற்கக் கூடாது.

4. கலப்பு இரட்டையரில் இந்தத் தீர்மானப் பாயின்டுக்குத் தேர்வே கிடையாது. பெண் சர்வ் போட்டால் பெண் வாங்க வேண்டும், ஆண் போட்டால் ஆண் வாங்க வேண்டும். இதை முதல் நாளே சொல்லிவைத்தால் 40-40ல் நின்று யோசிக்க வேண்டியதில்லை.

5. "நோ-ஆட் எல்லாம் உண்மையான டென்னிஸா?" என்று யாராவது முகம் சுளித்தால் கவலைப்படாதீர்கள். ஏடிபி தொழில்முறை இரட்டையர் போட்டிகளிலேயே 2006 முதல் இந்த முறைதான். தொழில்முறை வீரர்களுக்கே இது சரி என்றால், வாடகைக் கோர்ட்டில் ஆடும் நமக்குத் தாராளமாகச் சரி.

6. எந்தப் பக்கம் நின்று சர்வ் போடுவது என்று குழம்பினால், அந்தக் கேமில் இதுவரை ஆடிய பாயின்ட்களைக் கூட்டிப் பாருங்கள். இரட்டைப்படை என்றால் வலப்பக்கம், ஒற்றைப்படை என்றால் இடப்பக்கம். 40-15 என்பது மூன்றும் ஒன்றும் நாலு, வலப்பக்கம். 30-15 என்பது இரண்டும் ஒன்றும் மூன்று, இடப்பக்கம்.

7. ஒவ்வொரு பாயின்டுக்கு முன்னும் சர்வ் போடுகிறவர் எதிரணியின் காதில் விழும்படி ஸ்கோரைச் சொல்லட்டும். தன் அணியின் ஸ்கோரை முதலில், எதிரணி ஸ்கோரைப் பிறகு சொல்வது முறை. கேம் தொடங்கும்போது "மூன்று-இரண்டு" என்று கேம் கணக்கையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் பாதி வாக்குவாதம் பிறக்கவே பிறக்காது. கூடாரத்துக்குள் ஹீட்டர் இரைச்சல் இருக்கும், அதனால் கொஞ்சம் உரக்கவே சொல்லுங்கள்.

8. ஸ்கோர் பலகைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். சீரியல் டப்பா அட்டையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு நீளத்துண்டு வெட்டி, 0 முதல் 7 வரை பெரிதாக எழுதி, வலைக் கம்பத்தில் கட்டுங்கள். அணிக்கொரு நிறத்தில் துணி கிளிப் மாட்டிவிட்டு, கேம் ஜெயித்த அணி தன் கிளிப்பை ஓர் எண் மேலே நகர்த்திக்கொண்டே போகலாம். பக்கம் மாறும்போது எல்லோர் கண்ணிலும் படும்.

9. ஸ்கோரில் கருத்து வேறுபாடு வந்துவிட்டால், இரண்டு அணியும் ஒத்துக்கொள்ளும் பாயின்ட்களை மட்டும் எண்ணிக்கொண்டு, சந்தேகமானதை மறுபடி ஆடுங்கள். அதுவும் சரிப்படாவிட்டால் இருவரும் ஒப்புக்கொள்ளும் ஒரு ஸ்கோரிலிருந்து தொடரலாம். அதற்கும் மேல் போனால் ராக்கெட்டைச் சுற்றிவிட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் அதில் செலவிட வேண்டாம்.

10. நடுவர் இல்லாத ஆட்டத்தில் அவரவர் பக்கத்துக் கோட்டை அவரவர்தான் சொல்ல வேண்டும். கோட்டில் நூல் அளவு பட்டாலும் பந்து உள்ளேதான். சந்தேகம் வந்தால் அந்தப் பாயின்ட் எதிராளிக்கே.

11. நீங்கள் "அவுட்" என்றும் உங்கள் பார்ட்னர் "உள்ளே" என்றும் சொன்னால், பந்து உள்ளேதான். கோர்ட்டில் நின்று இருவரும் விவாதிக்காமல் உடனே விட்டுக்கொடுத்துவிடுங்கள். இந்த ஒரு பழக்கத்திலேயே எதிரணிக்கு உங்கள் மேல் முழு நம்பிக்கை வந்துவிடும்.

12. ஒற்றைப்படைக் கேம்கள் முடிந்ததும் பக்கம் மாறுவது விதி. கூரைக்குள் வெயிலும் இல்லை, காற்றும் இல்லை என்பதால், செட் முடிந்தால் மட்டும் மாறுவது என்று உங்கள் லீக்கில் வைத்துக்கொள்ளலாம். மாறுகிற ஒவ்வொரு முறையும் தண்ணீர், துண்டு, பேச்சு என்று போகும் நேரம் அப்படியே மிச்சமாகும். ஒரு பக்கத்து விளக்கு மட்டும் கண்ணைக் கூசினால் வழக்கமான முறையே நியாயம்.

13. டை-பிரேக்கில் முதல் ஆள் ஒரே ஒரு பாயின்டுக்கு சர்வ் போடுவார், பிறகு எல்லோரும் இரண்டிரண்டு. மொத்தப் பாயின்ட் ஒற்றைப்படைக்கு வந்ததும் சர்வ் கை மாற வேண்டும் என்று நினைவில் வைத்தால் போதும். ஆறு, பன்னிரண்டு என்று ஆறின் மடங்கு வந்தால் பக்கம் மாறுங்கள்.

14. இரட்டையருக்கு இன்னும் வசதியானது 'கோமன்' டை-பிரேக். முதல் பாயின்ட் முடிந்ததும் ஒரு முறை, அதன் பிறகு நாலு பாயின்டுக்கு ஒரு முறை பக்கம் மாற வேண்டும். செட் முழுக்க எந்தப் பக்கத்திலிருந்து சர்வ் போட்டீர்களோ, டை-பிரேக்கிலும் அதே பக்கத்திலிருந்தே போடலாம் என்பது இதன் நன்மை.

15. டை-பிரேக் முடிந்ததும் அடுத்த செட்டில் யார் முதலில் சர்வ் என்று தலையைச் சொறிய வேண்டாம். டை-பிரேக்கின் முதல் பாயின்டில் சர்வை வாங்கிய அணிதான் அடுத்த செட்டைத் தொடங்க வேண்டும். அந்த அணியில் இருவரில் யார் போடுவது என்பது அவர்கள் விருப்பம்.

16. ஆளுக்கொரு செட் ஜெயித்து நின்றால், மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 பாயின்ட் டை-பிரேக் ஆடுங்கள். 10 எடுப்பதோடு இரண்டு பாயின்ட் வித்தியாசமும் வேண்டும். அரை மணிக்கு மேல் போகிற வேலை பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும். பட்டியலில் அதை ஒரு செட்டாகவே எழுதிக்கொள்ளலாம்.

17. டை-பிரேக்கே வேண்டாம் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு 2010 விம்பிள்டனை நினைவூட்டுங்கள். ஐஸ்னர்-மாஹூ ஆட்டம் கடைசி செட்டில் 70-68 வரை போய், மூன்று நாட்களில் 11 மணி 5 நிமிடம் நடந்தது. 2022 முதல் நாலு கிராண்ட்ஸ்லாம்களிலும் கடைசி செட்டில் 6-6 வந்தால் 10 பாயின்ட் டை-பிரேக்தான்.

18. ஒரு மணி நேரம்தான் கோர்ட் என்றால் ஆஸ்திரேலியாவில் 2015-ல் பரவலான 'ஃபாஸ்ட்4' முறை கைகொடுக்கும். நாலு கேம் எடுத்தால் செட், 3-3ல் சின்ன டை-பிரேக், டியூஸில் ஒரே பாயின்ட், நெட்டில் உரசிய சர்வும் ஆட்டத்தில் சேர்த்தி. ஒரே மணியில் நிறைவாக ஆடிய திருப்தி கிடைக்கும்.

19. செட் செட்டாகப் பிரிக்காமல் ஒரே நீட்டாக ஆடப் பிடித்தவர்கள் எட்டு கேம் 'புரோ செட்' ஆடலாம். இரண்டு கேம் வித்தியாசத்தில் எட்டு எடுத்தவர் வெற்றி. 8-8 ஆனால் டை-பிரேக். டாஸ் ஒன்று, ஸ்கோர் ஒன்று, எழுதுவதும் சுலபம்.

20. நாலு பேரும் சமமான நண்பர்கள் என்றால் நிரந்தர ஜோடி எதற்கு? மூன்று செட் ஆடி, ஒவ்வொரு செட்டுக்கும் பார்ட்னரை மாற்றுங்கள். நாலு பேருக்கு மூன்றே ஜோடி அமைப்புதான் சாத்தியம் என்பதால் எல்லோரும் எல்லோருடனும் சேர்ந்துவிடுவார்கள். 90 நிமிடக் கோர்ட்டுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை.

21. அப்படி ஜோடி மாற்றி ஆடும்போது ஸ்கோரை ஆள் பெயரில் எழுதுங்கள். உங்கள் ஜோடி 6-4 என்று ஜெயித்தால் உங்கள் இருவர் கணக்கிலும் ஆறு, எதிரணி இருவர் கணக்கிலும் நாலு. தோற்றாலும் எடுத்த கேமுக்கு மதிப்பு உண்டு என்பதால் 0-5ல் கூட யாரும் சோர்ந்துபோக மாட்டார்கள்.

22. ஐந்து பேர் வந்துவிட்டால் யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம். எல்லோருக்கும் 1 முதல் 5 வரை எண் கொடுத்து, ஐந்து சுற்று வைத்து, சுற்றுக்கு ஒருவர் ஓய்வெடுக்கட்டும். 1 ஓய்வு: 2-5, 3-4; 2 ஓய்வு: 1-3, 4-5; 3 ஓய்வு: 2-4, 1-5; 4 ஓய்வு: 3-5, 1-2; 5 ஓய்வு: 1-4, 2-3. இதில் ஒவ்வொருவரும் மற்ற நால்வருடனும் சரியாக ஒரு முறை ஜோடி சேர்ந்துவிடுவார்கள், வாடகையும் ஐந்தாகப் பிரியும்.

23. எட்டுப் பேர், இரண்டு கோர்ட் என்றால் ஏழு சுற்றில் எல்லோருக்கும் எல்லோரையும் பார்ட்னராக்கிவிடலாம். 90 நிமிடத்துக்குச் சுற்றுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று போனில் மணி வைத்துவிடுங்கள். ஜோடிப் பட்டியலை முந்தைய நாளே எழுதிக் கொண்டுபோனால், கோர்ட்டில் யார் யாரோடு என்று தேட வேண்டாம்.

24. கடைசி ஐந்து நிமிடத்தில் புதுக் கேம் தொடங்கக் கூடாது என்று விதி வையுங்கள். அதற்குள் நடந்துகொண்டிருக்கும் கேமை முடித்து, கேம் கணக்கில் முந்தியவருக்கு வெற்றி. சமமாக இருந்தால் ஒரே ஒரு தீர்மானப் பாயின்ட். அடுத்து ஆட வந்தவர்கள் திரையைத் தூக்கிப் பார்க்கும் வரை நாம் நிற்கக் கூடாது.

25. தாமதமாக வருபவர்களுக்கு அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் அட்டவணையையே எடுத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் வரை டாஸும் ஒரு கேமும், பத்து வரை டாஸும் இரண்டு கேமும், பதினைந்து வரை டாஸும் மூன்று கேமும் போகும். அதற்கு மேல் ஆட்டமே போகும். பனி கொட்டும் நாளில் எல்லோரும் சம்மதித்தால் தள்ளுபடி கொடுங்கள்.

26. ஆளே வராவிட்டால் வந்த அணிக்கு 6-0, 6-0 என்று எழுதிவிடலாம். பதிலுக்கு ஓர் ஆளை அனுப்பினால், அவர் எடுக்கும் புள்ளி யார் கணக்கில் சேரும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அனுப்பியவருக்குப் பாதி, அணிக்கு முழுசு என்று வைத்தால் பதில் ஆள் தேடுவதில் எல்லோருக்கும் அக்கறை வரும்.

27. லாப் தூக்கும்போது பந்து கூரையிலோ விளக்கிலோ பட்டால், எதிர்ப்பக்கம் சரியாக வந்து விழுந்தாலும் அடித்தவர் பாயின்டை இழந்துவிடுவார். எதிர்ப்பக்கம் ஒரு முறை தரையில் விழுந்து எழும்பிய பிறகு கூரையையோ திரையையோ தொட்டால் பாயின்ட் அடித்தவருக்கு. கூடாரத்தின் ஓரங்கள் தாழ்வாக இறங்கும் என்பதால் ஓரத்திலிருந்து உயர லாப் வேண்டாம்.

28. பக்கத்துக் கோர்ட் பந்து உருண்டு வந்தால் அந்த நொடியே "லெட்" என்று கத்துங்கள். அடித்துப் பார்த்து, தவறியபின் லெட் கேட்பது நியாயமில்லை. இரண்டாவது சர்வ் போடப்போகும் நேரத்தில் பந்து வந்தால், அவருக்கு முதல் சர்வையே திரும்பக் கொடுத்துவிடுங்கள்.

29. தவறான ஆள் சர்வ் போட்டுக்கொண்டிருப்பது நடுவில் தெரிந்தால், ஆடிய பாயின்ட்கள் அப்படியே நிற்கும். சரியான ஆள் உடனே வந்து தொடரலாம். கேம் முடிந்தபிறகு தெரிந்தால் மாறிய வரிசையே அந்த செட்டுக்கு வரிசை. எதையும் அழித்து எழுத வேண்டாம்.

30. வாங்கும் பக்கத்தை மாற்றி நின்றுவிட்டாலும் பதற்றம் வேண்டாம். அந்தக் கேம் முடியும் வரை மாறியபடியே ஆடிவிட்டு, அடுத்து வாங்கும் கேமில் பழைய இடத்துக்குத் திரும்புங்கள். புது செட் தொடங்கும்போதுதான் பக்கத்தை விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம்.

31. சீசன் பட்டியலில் வெற்றிக்கு மட்டும் புள்ளி கொடுக்காமல், எடுத்த கேம்களைக் கூட்டுங்கள். பில்லி ஜீன் கிங் முன்னின்று 1974-ல் ஆரம்பித்த வேர்ல்ட் டீம் டென்னிஸில் மொத்தக் கேம்தான் அணியின் வெற்றியைத் தீர்மானித்தது. கடைசிக் கேம் வரை எல்லோரும் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள்.

32. சிலர் ஆறு வாரம், சிலர் பத்து வாரம் ஆடியிருந்தால் மொத்தக் கேமை ஒப்பிடுவது சரியாகாது. எடுத்த கேமை ஆடிய கேமால் வகுத்துச் சதவீதமாகப் போடுங்கள்: 60 ஆடி 36 எடுத்தால் 60 சதவீதம். விடுப்பில் போனவருக்கும் நியாயம், வாராவாரம் வந்தவருக்கும் நியாயம்.

33. இரண்டு அணி சமமாக நின்றால் எதைப் பார்ப்பது என்ற வரிசையையும் எழுதிவையுங்கள். முதலில் நேருக்கு நேர் ஆடியபோது யார் வென்றார், அடுத்து செட் வித்தியாசம், அதன்பின் கேம் வித்தியாசம் என்று வைத்தால் தீராத சமநிலை அபூர்வம்.

34. ஆட்டம் முடிந்து ஷூ கழற்றும் முன் ஸ்கோர் அட்டையைப் போனில் ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள். அனுப்புவது ஜெயித்தவர் பொறுப்பு, "சரி" என்று ஒப்புவது தோற்றவர் பொறுப்பு. வார இறுதியில் ஒருவரை ஒருவர் துரத்திக் கேட்கும் வேலை இல்லை.

35. அணிக்கு ஒரு கேன் பந்து கொண்டுவந்து, ஒன்றை மட்டும் திறங்கள். திறக்காத கேன் ஜெயித்தவருக்கு, ஆடிய பந்துகள் தோற்றவருக்கு என்பது பழைய நல்ல வழக்கம். பரிசுக்கென்று தனியாகச் செலவே இல்லை.

36. பந்தையும் ராக்கெட்டையும் இரவு முழுக்கக் காரின் டிக்கியில் விடாதீர்கள். குளிரில் பந்தின் உள்ளழுத்தம் குறைந்து சோம்பிப் போகும், ராக்கெட் நரம்பின் இழுவிசையும் பாதிக்கப்படும். பந்து சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தலை உயரத்திலிருந்து விடுங்கள். பாதிக்கு மேல் எழும்ப வேண்டும். விதிப்படி 254 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும்.

37. வலை உயரம் அளக்க டேப் வேண்டாம். ராக்கெட் ஒன்றை நடுவில் நிமிர்த்தி நிறுத்தி, அதன் மேல் இன்னொன்றின் தலையைக் குறுக்காக வையுங்கள்; 27 அங்குலமும் தலையின் அகலமும் சேர்ந்தால் ஏறக்குறைய நடுவலைக்கு வேண்டிய 3 அடி வந்துவிடும். உயிர்போன பந்துகளைத் தூக்கி எறியாமல், நன்றாகச் சுத்தம் செய்து, டவுன் ஜாக்கெட்டை டிரையரில் போடும்போது இரண்டு மூன்று சேர்த்துப் போடுங்கள். இறகு கட்டிக்கொள்ளாமல் உப்பலாக வரும்.

இத்தனையையும் ஒரே நாளில் கொண்டுவர வேண்டாம், நண்பர்களே. டியூஸில் ஒரே பாயின்ட், ஒவ்வொரு முறையும் உரக்கச் சொல்லும் ஸ்கோர், கடைசி ஐந்து நிமிடத்தில் புதுக் கேம் கிடையாது என்ற மூன்றை மட்டும் இந்த வாரமே தொடங்கிப் பாருங்கள். அதே வாடகைக்கு இரண்டு மூன்று கேம் கூடுதலாக ஆடிவிட்டுத்தான் வீடு திரும்புவீர்கள்.